நூக்கலும் சாயாவும் மலையேறிய வழி

கோத்தகிரிச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பனி விலகுவதற்குள் சாக்கை விரித்து, கழுவின கேரட்டை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் பீட்ரூட், முட்டைக்கோஸ், நூக்கல், சௌசௌ, டர்னிப், உருளைக்கிழங்கு. போன வாரம் ஒரு நூக்கலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பிஞ்சுதான் அண்ணா, நார் இருக்காது, எடுத்துக்கங்க” என்றார் கடைக்கார அக்கா. நான் நாரைத் தேடவில்லை. பெயரைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைப் பலகையில் ‘நூல்கோல்’ என்று எழுதியிருந்தது. இதில் நூலும் இல்லை, கோலும் இல்லை. உருண்டையான ஒரு காய்க்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை சொல்லப் போனால் பெரிய விஷயம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்தில் வாழும் மக்களிடையே சொல்லும் பொருளும் எப்படிக் கைமாறுகின்றன என்பதுதான் அது. மொழியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி, நீலகிரியை வைத்தே அதை விளக்கப் பார்க்கிறேன். இதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சின்ன மாவட்டம்தான். ஆனால் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் என்று தனித்தனிப் பேச்சு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் அண்டையில் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். வடக்கே இறங்கினால் கன்னடம், மேற்கே இறங்கினால் மலையாளம், கிழக்கே மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் கொங்குத் தமிழ். இருநூறு ஆண்டுக்கு முன் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பின்னால் இலங்கையிலிருந்து நம் ஆட்களே திரும்பி வந்தார்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். வேறு மொழியிலிருந்து வந்த சொல்லைக் ‘கடன் சொல்’ என்கிறோம். எனக்கு இந்தப் பெயரில் ஒரு மனக்குறை உண்டு. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், கொடுத்தவர் கையில் அதுவரை பணம் குறையும். சொல்லில் இரண்டும் நடப்பதில்லை. நாம் மேசை என்று சொல்வதால் போர்த்துகீசியரிடம் மேசை குறைந்துவிடவில்லை. அண்டை வீட்டு விளக்கிலிருந்து நம் விளக்கை ஏற்றிக்கொண்டு வருவது போன்றதுதான் இது. தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காகப் பிரித்தபோது, சுற்றியுள்ள நிலங்களிலிருந்து வரும் சொல்லுக்குத் ‘திசைச்சொல்’ என்றே பெயர் வைத்தது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்கத் தூண்டும் பெயர். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதும்.

புதுக் காய்க்கு என்ன பெயர்?

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் நினைவாக ஒரு பழைய பங்களா இன்றும் இருக்கிறது. குளிர்நாட்டுக் காய்கள் இந்த மண்ணில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை இங்கே ராகி, சாமை, கீரை என்று போய்க்கொண்டிருந்த விவசாயத்துக்குள் முன்பின் பார்க்காத காய்கள் நுழைந்தன. பார்க்காத பொருளுக்கு மக்கள் எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சாக்கின் மேலே இருக்கும் காய்களே சாட்சி.

கேரட், பீட்ரூட், டர்னிப் மூன்றும் பொருளோடு பெயரையும் அப்படியே கொண்டுவந்துவிட்டன. இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. உருளைக்கிழங்கு வேறு விதம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த கிழங்கு அது. போர்த்துகீசியர் அதை பத்தாத்தா என்றார்கள், மராத்தியில் இன்றும் படாடா. தமிழ் அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை. கிழங்கைப் பார்த்தது, உருண்டையாக இருந்தது, உருளைக்கிழங்கு என்றது. பெயர் முழுக்க நம்முடையது, பொருள்தான் வந்தது. அதனால்தான் அதை வெளியூர்க் கிழங்கு என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

மூன்றாவது வழி, தெரிந்த பொருளின் பெயரைத் தெரியாத பொருளுக்கு நீட்டுவது. அமெரிக்காவிலிருந்து மிளகாய் வந்தபோது, காரத்துக்கு நம்மிடம் மிளகு இருந்தது. ஆகவே அது மிளகு போன்ற காய், மிளகாய். சில சமயம் ‘சீமை’ என்று ஓர் அடைமொழி சேர்ப்போம். சீமையெண்ணெய், சீமைக் கருவேலம் மாதிரி. சௌசௌ இதில் ரசமான உதாரணம். தமிழ்நாட்டில் நிறைய வீடுகளில் அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர். பெங்களூரில் போய்க் கேட்டால் சீமே பதனேகாயி, அதாவது சீமைக் கத்திரிக்காய். நாம் அவர்கள் பக்கம் கை காட்டுகிறோம், அவர்கள் கடல் பக்கம் கை காட்டுகிறார்கள். கடைசியில் அது மெக்சிகோ பக்கத்துக் கொடி. ஆனால் இரண்டு பெயருமே ஓர் உண்மையைச் சொல்கின்றன. யாருக்கு யார் வழியாக அந்தக் காய் வந்து சேர்ந்தது என்று ஒவ்வோர் ஊரும் நினைத்ததோ, அதுவே பெயராக நின்றுவிட்டது.

இப்போது நூக்கலுக்கு வரலாம். டச்சு மொழியில் நோல் என்றால் கிழங்குபோல் தடித்த பகுதி, கோல் என்றால் கோஸ். சேர்த்துச் சொன்னால், கிழங்குபோல் தடித்த கோஸ். அந்தப் பெயர் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வாயில் நோல்கோல் என்று நிலைத்தது. தமிழ்க் காதில் அது விழுந்தபோது பொருள் இல்லாத ஒலியாக இருந்தது. பொருளில்லாத ஒலியை நாக்கு நெடுநாள் சுமக்காது, தெரிந்த சொல் ஒன்றைத் தேடும். நூல் கிடைத்தது, கோல் ஏற்கெனவே இருந்தது. ஆக நூல்கோல். பேச்சில் தேய்ந்து நூக்கல். இதே காய்க்குக் கன்னடத்தில் நவிலுகோசு. நவிலு என்றால் மயில். அதே ஒலியில் நாம் நூலைக் கேட்டோம், அவர்கள் மயிலைக் கேட்டார்கள் என்று தோன்றுகிறது. கோசு என்பது போர்த்துகீசிய மொழியில் கோஸுக்கு இருந்த பெயரின் வழியே வந்தது, நம் முட்டைக்கோஸிலும் அதே கோஸ்தான். ஒரே காய் இரண்டு வீட்டுக்குப் போய் ஒரு வீட்டில் நூலும் இன்னொரு வீட்டில் மயிலும் ஆனது எனக்கு அலுக்காத அதிசயம்.

ஒரே பானம், வேறு வேறு வழி

காயை விட்டுவிட்டுக் கோப்பைக்கு வருவோம். நீலகிரி மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாள் சுற்றினால் தேநீருக்கு மூன்று நான்கு பெயர்களைக் கேட்டுவிடலாம். உதகை பேருந்து நிலையத்தில் டீ. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் சாயா. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் வீட்டில் தேத்தண்ணி. தோட்டத்துப் பெயர்ப்பலகையில் தேயிலை.

சீனாவில் தேயிலையைக் குறிக்கும் எழுத்து ஒன்றுதான். ஆனால் அதை வாசிக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலான இடங்களில் அது ‘சா’. தென்கிழக்குக் கடற்கரையில் ஃபூஜியன் மாகாணத்துப் பேச்சில் ‘தே’. மக்காவ் துறைமுகத்தில் தங்கி வாணிகம் செய்த போர்த்துகீசியர் ‘சா’வை எடுத்துக்கொண்டார்கள். தரைவழியே பாரசீகம் போன தேயிலையும் ‘சா’வையே கொண்டுபோய் ‘சாய்’ ஆனது, இந்தியின் சாய் அந்தக் குடும்பம். மலையாளத்துச் சாயாவும் இதே பக்கம். ஃபூஜியன் ஆட்களோடு வாணிகம் செய்த டச்சுக்காரர் ‘தே’வை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரும் ஆரம்பத்தில் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட ‘டே’ என்றுதான் ஒலித்தார்கள். பிறகுதான் அது ‘டீ’ ஆனது.

இனி நம் சொற்களைப் பாருங்கள். தேயிலையில் இருப்பது ‘தே’. அதோடு நம் இலையைச் சேர்த்துக்கொண்டோம். கடைக்காரரிடம் கேட்கும் டீயில் இருப்பது பிற்காலத்து ஆங்கில ஒலி. பழைய தமிழ் இலக்கணப்படி ட, ர, ல ஆகியவை சொல்லுக்கு முதலில் வரமாட்டா. அதனால் அந்த நாளில் வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல ஒலியை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். லோகம் உலகம் ஆனது, ராஜா அரசன் ஆனார். டீயும் லாரியும் ரொட்டியும் வந்த காலத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, வந்தபடியே உட்கார்ந்துகொண்டன. ஆகவே ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்தாலே, அது வீட்டுக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று ஓரளவு ஊகிக்கலாம்.

தேத்தண்ணிக்குப் பின்னால் இன்னொரு பயணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்றைக்கு டான்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் குடும்பங்கள் தங்கள் சொற்களையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தன. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இன்றும் பிரெட்டைப் பாண் என்றுதான் சொல்வார். அது போர்த்துகீசியச் சொல், இலங்கையில் நிலைத்தது. “இருங்க தம்பி, தேத்தண்ணி போடுறேன்” என்று அவர் அடுப்படிக்குப் போகும்போது, மண்டபம் முகாமும் கப்பலும் அவர் சொல்லாமலே நினைவுக்கு வரும்.

தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு இலங்கையில் லயம் என்று பெயர், ஆங்கிலத்து லைன்தான் அப்படி ஆனது. கூடலூர்ப் பக்கத்தில் அதே வரிசை வீடு பாடி. ஆயர்பாடி என்று நாம் படித்த பழைய பாடி. தொழிலாளரை மேற்பார்க்கிறவர் இங்கே மேஸ்திரி. இது போர்த்துகீசியச் சொல். இலங்கையில் அவர் கங்காணி. இது கண்காணிப்பவர் என்ற நம் சொல், ஆங்கில அலுவலகக் கடிதங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு இலங்கை மலையகத்தில் பிரட்டுக்களம் என்பார்கள். பரேடு என்ற படைச்சொல் அது. செடியைக் குட்டையாக வெட்டிவிடும் வேலை கவாத்து. அந்தச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் படைப்பயிற்சி என்று ஒரு பொருள் இருக்கும், உருது வழியாக வந்தது. கொழுந்து பறிக்கிற இடத்தில் பட்டாளத்துச் சொற்கள் நிற்பதைப் பார்த்தால், அந்தத் தோட்டங்கள் எப்படி நடத்தப்பட்டன என்பதும் புரியும். எந்தச் சொல் எங்கே நுழைந்தது என்பது, யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தமா, வந்ததா?

புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி சொல் இருந்தால் உடனே ‘அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். அது தவறாக இருக்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே மூக்கு இருந்தால், ஒருவரிடமிருந்து ஒருவர் மூக்கை வாங்கினார்கள் என்று சொல்வோமா? மொழியிலும் அப்படித்தான், பிறப்பால் வந்த ஒற்றுமை வேறு, பழக்கத்தால் வந்த ஒற்றுமை வேறு.

பிரித்துப் பார்ப்பது எப்படி? படுகர் ஊர்களை வைத்தே பார்க்கலாம். படுகு மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. படுகர் என்ற பெயரே ‘வடக்கத்தியர்’ என்ற பொருளில் வந்தது. அதில் வரும் பகரம் ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் ஒலி. நம் வகரம் கன்னடத்தில் அந்த ஒலியாக மாறும். வேர் பேரு ஆகும், வாய் பாயி ஆகும், வட என்பதும் பட ஆகும். மைசூர்ப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1603-இல் இந்த மலைக்கு வந்த ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் தோடரைப் பற்றி எழுதியபோது படுகரையும் குறிப்பிட்டிருக்கிறார்.

படுகர் ஊருக்கு ஹட்டி என்று பெயர். இனி ஒரு சின்னச் சோதனை. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, பல் ஹல்லு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் நம்மைப் போலவே பகரத்தில்தான் தொடங்கின. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கி அந்த ஒலி மெல்ல மெல்ல ஹகரமாக மாறியது. இந்தக் கணக்கை ஹட்டிக்குப் போட்டுப் பாருங்கள். நம் பட்டி வந்து நிற்கும். ஆண்டிப்பட்டியும் சின்னாளப்பட்டியும் நடுஹட்டியும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ஆண்டுதோறும் படுகர் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகையின் பெயரைக் கேளுங்கள். கன்னடத்தில் ‘ஹெத்த தாயி’ என்றால் பெற்ற தாய். ஹெத்தை என்னும்போது நம் ‘பெத்த’ காதில் விழுகிறதல்லவா?

இப்படி ஒரு சொல் இரண்டு சொல் இல்லாமல், வரிசையாக எல்லாச் சொல்லிலும் ஒரே மாற்றம் நடந்திருந்தால் அது பிறப்பு ஒற்றுமை. பிறகு வந்து சேர்ந்த சொற்களில் இந்த மாற்றம் இருக்காது. கன்னடத்தில் புத்தகம் இன்றும் பகரத்தோடு புஸ்தகதான், ஹுஸ்தக ஆகவில்லை. ஒலி மாறிய காலத்தில் அது அந்தப் பேச்சில் ஊறியிருக்கவில்லை. பால், புலி, பல் எல்லாம் வீட்டில் பிறந்தவை, புத்தகம் பிறகு வந்த விருந்தாளி. மூன்று மொழிச் சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்து நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

இதில் இன்னொரு சுற்று இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் ஹட்டியைக் கேட்டு, ஹகரத்தை விட்டுவிட்டு, தும்மனட்டி, பெட்டட்டி என்று எழுதினார்கள். நம்மிடமே பட்டி இருக்கும்போது, அதன் உடன்பிறப்பை அடையாளம் தெரியாமல் அட்டி என்று புதிதாக வாங்கிக்கொண்டோம். பிறப்பால் உறவு, பிறகு பழக்கத்தாலும் உறவு. ஒரே சொல்லில் இரண்டும்.

நான் இருக்கும் ஊரின் பெயரும் அப்படித்தான். கோத்தகிரியில் உள்ள ‘கிரி’யை மலை என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம், மலையில் இருப்பதால் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அது முதலில் கோத்தர் கேரி, கோத்தர்களின் தெரு என்று சொல்வார்கள். கன்னடத்துக் கேரிதான் நம் சேரி. செவி அங்கே கிவி, செம்மை அங்கே கெம்பு, சேரி அங்கே கேரி. இரும்படிக்கும் சத்தம் கேட்ட தெரு, எழுத்தில் மலையாகிவிட்டது.

கோத்தர் கொடுத்த கோடாலி

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலை வருவதற்கு முன்பே இந்த மலையில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோத்தர் ஆண்கள் இரும்பு வேலை செய்தார்கள், கோடாலியும் கத்தியும் அவர்கள் பட்டறையிலிருந்துதான். கோத்தர் பெண்கள் பானை வனைந்தார்கள். தோடர் எருமை வளர்த்தார்கள், நெய்யும் பாலும் அவர்களிடமிருந்து. படுகர் தானியம் விளைவித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள், மந்திரத்துக்கும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். காசு பெரிதாகப் புழங்கவில்லை. ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு கோத்தர் குடும்பம் இருந்தது, முட்டுக்கோத்தர் என்று சொன்னார்கள். தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து வாசிக்க வேண்டும். அவர்கள் ஊதும் கொம்புக்கு அவர்கள் மொழியில் கொப் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சந்தையும் காசும் பெருகியதும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் அறுந்துபோனது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு நெருங்கிப் பழகியும் தோடர் மொழி கோத்தர் மொழியாகவில்லை, கோத்தர் படுகராகவில்லை. ஒருவர் கையால் செய்த பானையில் இன்னொருவர் வீட்டில் உலை கொதித்தது, பேச்சு மட்டும் அவரவர் பேச்சாகவே நின்றது. பொருளும் பொருளின் பெயரும் எளிதில் ஊர் மாறும். கை, கண், நீர், நான், நீ போன்ற அன்றாட அடிப்படைச் சொற்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதனால்தான் உறவைக் கண்டுபிடிக்க மொழியியலாளர்கள் முதலில் இந்தச் சொற்களைக் கேட்பார்கள், பழக்கத்தைக் கண்டுபிடிக்கச் சந்தைச் சொற்களைக் கேட்பார்கள்.

பொருள் ஊர் மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தோடர் போர்வையைத் தொட்டுப் பாருங்கள். பூத்துக்குளி என்பார்கள். தோடர் நெய்வதில்லை. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி சமவெளியிலிருந்து மேலே வரும். சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் கடையில் வாங்கியது. பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். விரலை வைத்துத் தடவினால் துணிமேல் துணி நெய்ததுபோல் மேடு தட்டும். துணி ஓர் ஊர், நூல் ஓர் ஊர், ஆனால் அந்தப் போர்வையைப் பார்த்த யாருக்கும் அது தோடருடையது என்று சொல்லத் தெரியும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த பொருள்களால் செய்ததென்பதால் அது கொஞ்சமும் அவர்களுடையது அல்லாமல் போய்விடவில்லை.

போய்த் திரும்பியவை

சில சொற்கள் வெளியூர் போய் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வரும். நம் சோலையை ஆங்கிலேயர் ஷோலா என்று எழுதினார்கள். மலை மடிப்புகளில் புல்வெளிக்கு நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் அந்தக் காட்டுக்கு அதுவே இன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் சொல்லும் பெயர். இப்போது தமிழ்ச் செய்திகளிலேயே ‘ஷோலா காடுகள்’ என்று எழுதுகிறார்கள். பழனி மலையில் கொடைக்கானல் பக்கம் போனாலும் இதே கதை. நம் வீட்டுப் பிள்ளை வெளியூர்ப் பேச்சோடு திரும்பி வந்து, நமக்கே அடையாளம் தெரியாமல் நிற்கிறது. நான் சோலைக்காடு என்றே எழுதுகிறேன்.

உதகமண்டலம் என்ற பெயரும் ஒரு சுற்று சுற்றி வந்ததுதான். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். நம் மந்தையோடும் மன்றோடும் உறவுள்ள சொல். மன்றுக்கு மாட்டுத்தொழுவம் என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. அங்கிருந்த ஒரு மந்தின் பெயர்தான் 1821-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வந்த கடிதத்தில் ‘வோட்டக்கிமந்து’ என்பதுபோல் அச்சேறியது. ஒத்தைக்கல் மந்து என்று அதைப் பிரிப்பவர்கள் உண்டு. ஆங்கிலேயர் வாயில் அது ஊட்டகமண்ட் ஆனது, நீளம் என்று தோன்றியபோது ஊட்டி ஆனது. தமிழில் எழுதும்போது நூல்கோலுக்கு நடந்ததே இதற்கும் நடந்தது. மண்ட், மண்டலமானது, முன்பாதி நீரைக் குறிக்கும் உதகமானது. எருமை மடக்கிய ஊர் நீர்மண்டலமாக மாறிவிட்டது.

தொட்டபெட்டா சிகரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. நாம் ‘தொட்டபெட்டா மலைச் சிகரம்’ என்னும்போது மலையை இரண்டு தடவை சொல்கிறோம். வந்த சொல்லின் பொருள் தெரியாதபோது இப்படி மேலே ஒரு சொல்லைப் போர்த்துவது எல்லா மொழியிலும் உண்டு.

சொல் மட்டும்தானா?

பேசும் விதமும் பரவும். “டீ கீ குடிச்சீங்களா?” என்று கேட்கிறோம். டீயும் அது போன்ற எதுவும் என்று பொருள். இந்திக்காரர் இதையே ‘சாய் வாய்’ என்பார், கன்னடத்தில் ‘காபி கீபி’. தமிழும் இந்தியும் பிறப்பால் உறவில்லாத மொழிகள். ஆனாலும் ஒரு சொல்லின் முதலெழுத்தை மாற்றித் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள போன்ற ஒலிகளும் இப்படித்தான், மொழிக் குடும்பத்தின் வேலியைத் தாண்டி இந்தியா முழுக்க இருக்கின்றன.

இதை விரிவாக எழுதியவர் முர்ரே எமனோ. கனடாவில் பிறந்தவர், 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை அவர்கள் வாயிலிருந்தே கேட்டு எழுதிக்கொண்டவர். பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கத்தில் இருந்தால் வேறு வேறு குடும்பத்து மொழிகளும் ஒரு சாயலுக்கு வந்துவிடும், அந்த வகையில் இந்தியாவையே ஒரு மொழிப் பரப்பாகப் பார்க்கலாம் என்று 1956-இல் எழுதினார். தாமஸ் பர்ரோவோடு சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்தது. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் சமமாக நிற்கும் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். சில ஆயிரம் பேர் பேசும் மொழி என்று யாரும் அங்கே ஓரத்தில் தள்ளப்படவில்லை.

எல்லாம் மலைக்கு வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது, மலையிலிருந்து போனதும் உண்டு. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூக்கலிப்டஸ் மரத்தைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். விறகுக்காக வைத்தது மலையெங்கும் பரவியது. இலையிலிருந்து எண்ணெய் காய்ச்சினார்கள். சளிக்கும் தலைவலிக்கும் அந்த எண்ணெய் நாடெங்கும் போனது, போகும்போது ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு போனது. இந்தியிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் இன்றைக்கு அந்த மரத்துக்கே நீலகிரி என்றுதான் பெயர். இந்த மலையைப் பார்த்திராதவர்கள்கூடத் தங்கள் ஊர்ச் சாலையோரத்து மரத்தை நீலகிரி என்கிறார்கள்.

உதகையில் சாரிங் கிராஸ் பக்கத்துக் கடைகளில் வடநாட்டுப் பயணிகள் வந்து “நீல்கிரி தேல்” என்று கேட்பார்கள். கடைக்காரர் நீலகிரித் தைலம் என்று எழுதிய புட்டியை எடுத்துக் கொடுப்பார். அதே கடைக்காரரிடம், பின்பக்கச் சரிவில் பட்டை உரிந்து நிற்கும் அந்த மரத்தைக் காட்டி அது என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். கற்பூர மரம் என்பார்.